டிக்கெட் கவுண்டரும் தாயம்மாவின் அம்மியும்

1. மூன்று கட்டு டிக்கெட்

இரண்டாயிரத்தில் ஃபிஜி நாட்டில் கலகம் நடந்த அன்று எங்கள் மியூசியத்துக்குள் பார்வையாளர்கள் என்று இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும். தலைநகர் சுவாவின் டவுனில் இந்தியர் கடைகள் எரிகிற புகை வராந்தாவிலிருந்தே தெரிந்தது. பார்லிமெண்டைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்துவிட்டதாக ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. டைரக்டர் மெரே மேடம் எல்லோரையும் வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார். அந்த ஜெர்மன்காரரோ பெரிய பாய்மரப் படகின் முன்னால் நின்று, இது எந்த மரம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஊர் எரிகிறது, ஓட்டலுக்குப் போங்கள்" என்றேன். அவர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். மாலை வரை செல்லும் என்று அதில் போட்டிருந்தது. அதைக் கிழித்துக் கொடுத்தவள் நான்தான், என்ன சொல்ல முடியும்? அவர்களை என் வீட்டுக்காரருடைய டாக்ஸியில் ஏற்றி ஓட்டலில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தோம்.

என் பெயர் சரோஜா. பிறந்தது மேற்கே லௌட்டோக்கா பக்கத்தில் லோவு, கரும்புக்காரர் வீட்டுப் பெண். கட்டிக்கொடுத்தது சுவாவில். மியூசியத்தில் டிக்கெட் கவுண்டரில் சேர்ந்து, அப்புறம் காட்சிக் கூடத்துக்குள் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். தமிழில் எழுதுகிறேன். இப்போது மியூசியத்தில் இருக்கிற யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில் சில விஷயங்களை ஒளிக்காமல் சொல்லிவிடலாம்.

எங்கள் மியூசியம் புதிதாகக் கட்டியது அல்ல. வெள்ளைக்காரர் காலத்து அரசாங்கக் கட்டடங்கள்தான். முன்னால் கல் கட்டடம், பின்னால் கடலைப் பார்த்த மாடி வைத்த மரக் கட்டடம். அந்த மரக் கட்டடம் அந்தக் காலத்து மாஜிஸ்திரேட் கச்சேரி. கீழே இருந்த பெரிய அறையில்தான் கல்யாணங்களைப் பதிவு செய்வார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் ஆட்கள் கோயிலில் தாலி கட்டினாலும் சட்டத்தில் செல்லாது, இங்கே வந்து வரிசையில் நின்று பதிந்தால்தான் புருஷன் பெண்டாட்டி. ஒப்பந்தக் காலத்தை நாங்கள் கிர்மிட் என்போம். பின்னாளில் அந்த அறையே கிர்மிட் காட்சிக் கூடமானது. மேலே டைரக்டர் ரூம். தரை முழுக்க மரப்பலகை என்பதால் கீழே ஒருவர் தும்மினால் மேலே கேட்கும்.

கவுண்டரில் மூன்று கட்டு டிக்கெட் வைத்திருப்பேன். பச்சை லோக்கல், மஞ்சள் விசிட்டர், வெள்ளை ஸ்டாஃபும் அவர்கள் வீட்டு ஆட்களும், அதற்குக் காசு கிடையாது. வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "லோக்கலா, விசிட்டரா?" தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

கலகத்துக்குப் பிறகு டூரிஸ்டுகள் வருவது நின்றுபோனது. அப்புறம் வந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஆட்கள். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்து ஒரு நாளும் மியூசியம் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பங்கள். ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ கனடாவுக்கோ விசா வந்துவிட்டது, பாஸ்போர்ட் ஆபீசுக்கு சுவா வந்திருக்கிறோம், போகிறதுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வருவார்கள். நாட்டை விட்டுப் போகிறவர்கள்தான் நாட்டின் சரித்திரத்தைப் பார்க்க வந்தார்கள். "லோக்கலா, விசிட்டரா?" என்று கேட்டால் குரலைக் கொஞ்சம் உயர்த்தி "லோக்கல்" என்பார்கள். அந்தப் பச்சை டிக்கெட்டைப் பலர் கீழே போடாமல் பர்ஸில் வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குள்ளும் ஒரு சங்கடம் இருந்தது. எங்கள் காவலாளி, வழிகாட்டி, தச்சர் எல்லாமே செமிதான். பூர்வீக ஃபிஜியன், ஆறடிக்கு மேல். கலகம் செய்தவர்கள் அவர் இனம், கடை எரிந்தவர்கள் என் இனம். ஒரு வாரம் நாங்கள் முகம் பார்த்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் அவர் தோட்டத்து டாலோ கிழங்கை ஒரு கட்டு கொண்டுவந்து கவுண்டர் மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் நான் ரொட்டியும் பூசணிக் கறியும் கொண்டுபோனேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை.

2. அரிசிச் சாக்கு

அந்த வருஷக் கடைசியில்தான் ஆறுமுகம் அண்ணன் வந்தார். மெலிந்த ஆள், தோளில் ஒரு அரிசிச் சாக்கு. அதைக் கவுண்டர் மேல் வைத்ததும் கவுண்டர் பலகை முனகியது.

"இன்னா அண்ணே இது?" என்றேன், அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, தமிழில்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தமிழு பேசறியே! நீ யாரு மவ?"

சொன்னேன். எங்கள் அப்பாவோடு கரும்பு வெட்டியிருக்கிறாராம். அவரும் லோவுக்காரர்தான், விடிகாலை பஸ்ஸில் அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அவிழ்த்தார். உள்ளே ஒரு அம்மி, குழவியோடு.

"எம் பொஞ்சாதி தாயம்மாவுது. அவ தாத்தா ஆத்துல கெடந்த கல்ல எடுத்து அவரே கொத்தினது. போன வருசம் அவ போயிட்டா. இப்ப லீஸ் முடிஞ்சுபோச்சு, நெலத்த திருப்பிக் குடுத்துட்டோம், வூட்டப் பிரிச்சாச்சு. லௌட்டோக்காவுல ஒரு தகர ரூமுல கெடக்கறோம், நானும் மவளும். ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டிருக்கு. கல்லு மண்ணெல்லாம் ஏர்போர்ட்டுலயே புடுங்கிடுவானாமே."

கிர்மிட் கூடத்துக்கு வீட்டுச் சாமான்கள் வேண்டும் என்று மியூசியம் அப்போது ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தது. மெரே மேடம் இறங்கி வந்து கல்லைத் தடவிப் பார்த்தார். நடுவில் நன்றாகக் குழிந்திருந்தது. காய்ந்த மிளகாய், மஞ்சள், பூண்டு வாசம் அப்படியே இருந்தது. மேடம் ஃபிஜியன் என்றாலும், எங்களிடம் பேசுகிற இந்தியில் அவரிடம் தெளிவாகச் சொன்னார்: கொடுத்தால் கொடுத்ததுதான், இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, யாரும் தொட முடியாது.

"அச்சா, அதான் வேணும்" என்றார் அண்ணன். "இங்கேன்னா பத்திரமா இருக்கும். யாரும் எரிக்க மாட்டாங்க."

மேடம் கல்லை வாங்கிக்கொண்டார்.

எங்கள் வேலை முறைப்படி கல்லைச் சுத்தம் செய்தோம். எண்ணெயும் மசாலாவும் இருந்தால் பூச்சி வரும், பூஞ்சை வரும். மெல்லிய பிரஷ்ஷால் நாள் கணக்காகத் தேய்த்து, காய வைத்து, நம்பர் போட்டு, கீழ் அறையில் கடல் பக்க ஜன்னலோரம் ஒரு மேடையில் வைத்தோம். சுற்றிக் கயிறு. "தொடாதீர்கள்" என்று பலகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

3. கேட்கிற முறை

சில மாதம் கழித்து அண்ணன் மறுபடி வந்தார். பச்சை டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே அம்மியிடம் போனார். கயிற்றுக்கு மேலே குனிந்து மூச்சை இழுத்தார்.

"வாசம் போயிடுச்சே, தங்கச்சி."

"சுத்தம் பண்ணோம் அண்ணே. இல்லன்னா கல்லு கெட்டுப்போவும்."

"கல்லு கெட்டுப்போவுமா?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அப்புறம் வராந்தாவில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அவருக்கு விசா கிடைக்கவில்லை. மெடிக்கலில் நெஞ்சுப் படத்தில் ஏதோ நிழல் தெரிந்ததாம். மகள் ரோஷ்னிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் விகாஷ், நாடி டவுன்காரர்கள், எண்பத்தேழில் நடந்த முதல் கலகத்தில் குடும்பத்தோடு போனவர்கள். சிட்னியில் பஸ் ஓட்டுகிறான், லீவில் வந்திருக்கிறான். நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மாட்டேன் என்கிறாள்.

"ஏனாம்?"

"அவங்க அம்மா வழியில எல்லாப் பொண்ணுங்களும் இந்தக் கல்லுமேல கால வெச்சுதான் கல்யாணம் பண்ணாங்க. எம் பொஞ்சாதியும் அப்படித்தான். அம்மா கல்லு இல்லாம நான் கட்டிக்க மாட்டேன்னுட்டா. வேற அம்மி வாங்கித் தர்றன்னாலும் கேக்கல. ஒரு நாளைக்குக் குடு தங்கச்சி. நானே தூக்கிகினு போய் நானே தூக்கிகினு வந்துடறன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அன்றைக்கு அத்தனை தெளிவாகச் சொன்னோமே என்று அவர் மேலும் வந்தது, ஒரு கல்லுக்கு இத்தனை சட்டமா என்று எங்கள் மேலும் வந்தது. முடியாது என்றுதான் சொன்னேன். வேறு மியூசியத்துக்கு என்றால் கடன் கொடுக்கலாம், கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வழியில்லை. அதுவும் அப்போது ரோட்டில் அங்கங்கே சிப்பாய்கள் வண்டியை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுந்து போனார். மத்தியானம் திரும்பி வந்தார். கையில் மார்க்கெட்டிலிருந்து வாங்கிய, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டு ஒன்று, நியூஸ்பேப்பரில் சுற்றி ரிப்பன் கட்டியது. இந்த நாட்டில் ஒரு கிராமத்துக்குள் நுழையவோ, பெரியவரிடம் ஒன்று கேட்கவோ போகிறவர்கள் அந்த வேரை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். அதற்கு செவுசெவு என்று பெயர். ஃபிஜியன் ஜனங்களின் முறை. நம் ஆட்கள் ஒரு ஆபீசில் அதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

"டைரக்டரம்மாவப் பாக்கணும்" என்றார்.

மாடிக்குக் கூட்டிப்போனேன். செருப்பை வெளியே விட்டார். நாற்காலி இருந்தும் உட்காராமல் தரையில் சம்மணம் போட்டார். வேர்க்கட்டை இரண்டு கையாலும் முன்னால் தள்ளி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு ஃபிஜியன் பாஷையில் பேச ஆரம்பித்தார். திக்கித் திக்கித்தான். ஆனாலும் வரிசை தப்பவில்லை. முதலில் மேடத்தின் ஊருக்கும் வம்சத்துக்கும் மரியாதை. அப்புறம் தான் யார், எந்த ஊர் நிலத்தில் பிழைத்தவன் என்பது. அதன் பிறகுதான் கேட்க வந்தது. லீஸுக்கு நிலம் கொடுத்த ஃபிஜியன்களின் கிராமம் அவர் வயலுக்குப் பக்கத்தில்தான். ஒவ்வொரு சாவுக்கும் கல்யாணத்துக்கும் அங்கே போய் உட்கார்ந்தவர். நிலம் போனது, பேசக் கற்றது போகவில்லை.

மெரே மேடம் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வேரை ஏற்றுக்கொண்டால் கேட்டதை ஏற்றுக்கொண்ட மாதிரி. ஏற்காவிட்டால் வந்தவருக்கு அவமானம். அரசாங்க டைரக்டர் ஒரு பக்கம், அவர் அப்பா அம்மா வளர்த்த பெண் ஒரு பக்கம். மேடம் வேரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கதவோரம் நின்று என் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது கீழே செமி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் பலகை வழியாக மேலே வந்தது. தினமும் சொல்லுகிற வசனம்தான். "இந்த ரூம் இருக்கே, இங்கதான் அந்தக் காலத்துல இந்தியர்களுக்குக் கல்யாணம் நடக்கும்! இதே ரூம்தான்!"

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கல் வெளிய போகாது" என்றார் அண்ணனிடம். "அதுல மாத்தம் இல்ல. ஆனா கல்யாணப் பொண்ணு உள்ள வரக்கூடாதுன்னு எங்கயும் எழுதியில்லயே. இல்ல, சரோ?"

"எழுதியில்ல மேடம்" என்றேன்.

மேடம் வேர்க்கட்டைத் தொட்டு, ஏற்றுக்கொண்டதற்கான வார்த்தைகளைச் சொல்லி, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். அண்ணனும் தட்டினார்.

4. காலுக்கு கிளவுஸ்

ஞாயிற்றுக்கிழமை மியூசியம் மூடியிருக்கும். அன்று காலையில் சுவாவில் ஒரு மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிவிட்டு, அம்மி மிதிக்க மட்டும் நேரே இங்கே வருவதாக ஏற்பாடு. சட்டத்தில் ஒன்றுதான் கறார்: நெருப்பு கூடாது. கற்பூரம்கூடக் கூடாது. நூறு வயதை நெருங்கிய மரக் கட்டடம்.

பூசாரி நாடியிலிருந்து வந்தவர். வாரநாளில் ஒரு ஓட்டல் கிச்சனில் வேலை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்னி சாட்சி இல்லாம அம்மி மிதிக்கறதா? நான் எந்த ஊர்லயும் பண்ணதில்ல."

"சாமி, ஊரே போன வருசம்தான் எரிஞ்சது. இங்க நெருப்பு வாணாம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி, சூரியனும் அக்னிதான். ஜன்னலத் தெறந்து வுடுங்க. சூரியன் சாட்சியா மிதிக்கட்டும்."

அந்த ஜன்னல் கதவுகளை நாங்கள் திறப்பதே இல்லை. வெளிச்சம் பட்டால் சுவரில் தொங்குகிற மரப்பட்டைத் துணிகள் வெளுத்துவிடும். மேடம் சரி என்றுவிட்டார். செமி சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார், வெள்ளைச் சட்டை, டை, சூலு வேஷ்டி, அக்குளில் பைபிள். பட்டைத் துணிகளைப் போர்வையால் மூடிவிட்டு, துருப்பிடித்த தாழ்ப்பாளைச் சுத்தியால் தட்டிக் கதவைத் திறந்தார். வெளியே என்ன? மழை. சுவா மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நாடி வெயிலில் வாழ்கிற பூசாரிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜன்னலில் தலையை நீட்டி மேலும் கீழும் பார்த்தார்.

"மேகத்துக்குப் பின்னாடி இருந்தாலும் சூரியன் சூரியன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். ஓட்டல் கிச்சனில் எதையும் சமாளித்துப் பழகியவர்.

என் வீட்டுக்காரர் டாக்ஸியில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார். மாப்பிள்ளை விகாஷ் மூடியிருந்த கவுண்டரைப் பார்த்து, "நான் விசிட்டர்தான் ஆன்ட்டி, டிக்கெட் உண்டா?" என்று சிரித்தான். ரோஷ்னி சிரிக்கவில்லை. சிவப்புப் புடவை, கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. புடவையைச் சரி செய்ய வேண்டும் என்று என்னை வராந்தா ஓரம் இழுத்துக்கொண்டு போனாள். போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அந்தக் கல்லு வெளிய வராதுன்னு தெரிஞ்சுதான் நான் அப்படிச் சொன்னேன்."

"தெரிஞ்சா?"

"அது கெடைக்காது, கல்யாணம் நின்னுடும், நான் பப்பாகூடவே இருந்துடலாம்னு நெனச்சேன். பப்பாவுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்க யாரு இருக்கா? அவர் இப்படிக் கீழ உக்காந்து கெஞ்சுவாருன்னு நான் நெனக்கல ஆன்ட்டி."

அவள் போகாமல் இருக்கக் கல்லைக் கேட்டிருக்கிறாள். அவளை அனுப்பி வைக்க அவர் கல்லைக் கேட்டு வாங்கியிருக்கிறார். "உங்க அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும்னு நெனக்கறேன்" என்றாள்.

உள்ளே போனோம். கயிற்றைக் கழற்றி வைத்திருந்தார்கள். அப்போது செமி வெகு சிரத்தையாக ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். பொருளைத் தொடுகிறவர்கள் போட்டுக்கொள்கிற வெள்ளைப் பருத்தி கிளவுஸ். விதி என்றால் விதி. பெட்டியைப் பார்த்தார், ரோஷ்னியின் காலைப் பார்த்தார். மேடத்திடம் மெதுவாகக் கேட்டார்: "மேடம், காலுக்கும் இதுதானா?"

மேடம் சர்ச் தொப்பியைக் கழற்றி அதில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பூசாரி சிரித்தார், மாப்பிள்ளை சிரித்தான், கடைசியில் ரோஷ்னியும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் கல்லருகே போனதும் அவள் காலைத் தூக்கவில்லை. குனிந்து உட்கார்ந்தாள். இடுப்பில் செருகியிருந்த ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குழவியைப் பிடித்து, அரைக்க ஆரம்பித்தாள்.

நாங்கள் நாள் கணக்காகத் தேய்த்துச் சுத்தம் செய்த கல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்துவிட்டது. மேடத்தைப் பார்த்தேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கடலைப் பார்க்க ஆரம்பித்தார். செமியும் பெட்டியை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தார். கடலில் பார்க்க ஒன்றுமே இல்லை, மழைதான். நானும் பார்த்தேன்.

பின்னால் குழவி கல்லில் உருள்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வாசம் வந்தது. பச்சை மஞ்சள் வாசம் அந்த அறை முழுக்கப் பரவியது. ஆறுமுகம் அண்ணன் கல்லுக்கு எதிரில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

"போதும்மா" என்றார். "அம்மா வந்துட்டா. கால வை."

விகாஷ் குனிந்து அவள் காலைப் பிடித்துக் கல்லின் குழியில் வைத்தான், மெட்டி போட்டான். பூசாரி மந்திரம் சொன்னார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், சரி, சரி, நல்லா வை என்பது போல.

"ஈசா" என்றார் செமி. மனது இளகினால் இந்த நாட்டில் எல்லோர் வாயிலும் வருகிற சொல் அது. நானும் அதைத்தான் சொன்னேன்.

5. கல்லில் இருந்த கறை

மறுநாள் கல்லில் மஞ்சள் பாதச்சுவடு இருந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனேன். மேடம் மாடிப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "சரோ, அங்க சுத்தம் பண்ண எதுவும் இல்ல" என்றார். பிரஷ்ஷைத் திரும்ப வைத்தேன்.

ரோஷ்னி சிட்னி போனாள். அண்ணன் லௌட்டோக்காவிலேயே இருந்தார். கையில் பஸ் காசு சேருகிறபோதெல்லாம் சுவா வருவார். எனக்கு வெள்ளை டிக்கெட் கொடுத்து உள்ளே விட ஆசைதான். வாங்கவே மாட்டார். "லோக்கல் குடு. நான் எங்கயும் போவலையே" என்று பச்சை டிக்கெட்டைக் கேட்டு வாங்குவார். உள்ளே போய்க் கல்லருகே நிற்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்துக் குழியில் இரண்டு இழுப்பு தேய்ப்பார். அப்போது பக்கத்தில் இருக்கிற ஸ்டாஃப் யாராக இருந்தாலும் கடலைப் பார்ப்போம். அது எங்களுக்குள் யாரும் சொல்லாமலே வந்த முறை.

நெஞ்சில் தெரிந்த அந்த நிழல்தான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது. ரோஷ்னி வந்து காரியம் முடித்துவிட்டுப் பறந்துபோனாள். சுவா வர அவளுக்கு நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு என் மேஜை டிராயரில் ஒரு மஞ்சள் கிழங்கு இருக்கும். புது ஸ்டாஃப் அதைப் பார்த்து, ஆன்ட்டி ஆபீசிலேயே சமைக்கிறார் போல என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பொருள் பாதுகாப்புப் படித்தவர்கள் கேட்டால் என்னைத் திட்டுவார்கள். அவர்களும் திட்டட்டும்.

நான் ஓய்வு பெறப்போகிற வருஷம் ஒரு நாள், கவுண்டரில் லித்தியா என்கிற புதுப் பெண். சுறுசுறுப்பானவள், நான் சொல்லிக் கொடுத்தபடியே எல்லோரிடமும் கேட்பாள். உள்ளே இருந்த எனக்கு அவள் குரல் கேட்டது. "லோக்கலா, விசிட்டரா, மேடம்?" பதில் வரவில்லை. மறுபடி கேட்டாள். அப்போதும் பதில் இல்லை.

எட்டிப் பார்த்தேன். கையில் ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ரோஷ்னி நின்றிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. பக்கத்தில் அவள் உயரத்துக்கு வளர்ந்த மகள். அந்தச் சின்னக் கேள்விக்கு என்ன சொல்லுவது என்று தெரியாமல் அவள் கண் கலங்கி நின்றாள். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். ஒரு கேள்வி ஒருத்தியை இப்படி நிறுத்தி வைக்கும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"வாம்மா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

கல்லுக்கு முன்னால் குனிந்தாள். அவள் அப்பா செய்தது போலவே மூச்சை இழுத்தாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வாசம் வருதே ஆன்ட்டி! அன்னிக்கு அரைச்சது எப்படி இவ்ளோ நாள் இருக்கும்?"

சொன்னேன். லௌட்டோக்கா பஸ், பச்சை டிக்கெட், சட்டைப் பை, இரண்டு இழுப்பு, எல்லாம் சொன்னேன். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மகளுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே "வாட் இஸ் இட், மம்?" என்று கேட்டாள். ரோஷ்னி பதில் சொல்லாமல் மகளின் தலையை மெதுவாகக் கல்லுக்குப் பக்கத்தில் குனிய வைத்தாள். அந்தப் பெண்ணும் முகர்ந்து பார்த்தாள்.

"நானியோட கிச்சன்" என்று தன் அம்மாவைச் சொன்னாள் ரோஷ்னி, ஆங்கிலத்தில்.

நான் டிராயரிலிருந்த மஞ்சள் கிழங்கைக் கொண்டுவந்து ரோஷ்னி கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். ஜன்னல் கதவு மூடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். மியூசியத்தில் பொருளைப் பாதுகாக்க எல்லோரும் கற்றுக்கொடுப்பார்கள், அதை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணாடிக்குள்ளும் கயிற்றுக்குள்ளும் இருக்கிற ஒவ்வொன்றையும் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், மனம் இல்லாமல். அவர்கள் திரும்பி வந்து கவுண்டரில் நிற்பார்கள். கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள்.

அன்றைக்கு ரோஷ்னியும் மகளும் கிளம்பிப் போன பிறகு லித்தியா கவலையோடு வந்தாள். மாலையில் கணக்கு முடிக்க வேண்டும், இரண்டு பேர் டிக்கெட் இல்லாமல் உள்ளே போயிருக்கிறார்கள். பச்சைக் கட்டையும் மஞ்சள் கட்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆன்ட்டி, அவங்க லோக்கலா, விசிட்டரா? எதுல போடறது?"

"ஸ்டாஃப்" என்றேன். "வெள்ளையில ரெண்டு கிழி."